அவர் படுத்துப் பார்த்த கட்டில்

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக எந்தப் படுக்கை வந்து இறங்கினாலும் கடைக்காரர் அதில் ஒரு மதியம் தூங்கி எழுந்த பிறகுதான் அது விற்பனைக்குப் போகும். காட்டிலும் மலையிலும் ஏரிக்கரையிலும் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்கு வேண்டிய சாமான்களை விற்கிற கடை அது. கூடாரம், விளக்கு, கையடக்க அடுப்பு, கயிறு, முளை என்று எல்லாம் உண்டு. ஆனால் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கடைக்காரரின் தூக்கம்தான். மற்ற வியாபாரிகள் தூக்கத்தைத் தொலைத்துச் சம்பாதிப்பார்கள், இந்த மனிதர் குறட்டை விட்டுச் சம்பாதித்தார். வாடிக்கையாளர்கள் அவருக்குத் தூக்கக்காரர் என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

சோதனை இரண்டு பகுதி. முதலில் கட்டிலைப் பையிலிருந்து எடுத்து விரித்து நிறுத்த வேண்டும். மேசையில் சூடாக ஒரு டீ வைத்துவிட்டு அவர் வேலையை ஆரம்பிப்பார். டீ ஆறுவதற்குள் கட்டில் நாலு காலில் நின்றுவிட்டால் தேறியது. ஆறிப்போனால் கட்டிலும் திரும்பிப் போகும், அன்றைக்கு முழுக்க அவர் முகமும் சரியாக இருக்காது. நாள் பூராவும் நடந்து களைத்தவன் இருட்டுகிற நேரத்தில் உட்கார்ந்து செய்முறைக் காகிதத்தைப் படித்துக்கொண்டு கட்டில் மாட்டுவானா என்பது அவருடைய கேள்வி.

இரண்டாவது பகுதி, தூக்கம். சாப்பிட்டு வந்து, கடையின் பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு, இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுப்பார். எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அதுதான் தீர்ப்பு. காற்றடைத்த மெத்தை ஒன்றில் தூங்கி எழுந்து, "புரளாதவங்களுக்கு நல்லது, பக்கத்துல இருக்கறவங்க புரண்டா நாம கீழ கிடப்போம்" என்றார். அடியிலிருந்து குளிர் ஏறுகிற இன்னொன்றுக்கு, "முதுகுக்கு ஐஸ் ஒத்தடம் வேணுங்கறவங்க வாங்கலாம்" என்றார். கிறீச் கிறீச் என்று சத்தம் போட்ட மடக்குக் கட்டிலைப் பற்றி அவர் சொன்னதைத்தான் ஜனங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "மாமியாரைக் கூட்டிட்டுப் போறவங்க இதை வாங்கிக் கொடுங்க, மறுநாளே ஊருக்குக் கிளம்பிடுவாங்க."

அவர் மனைவி இத்தனை வருஷத்தில் ஒரு கட்டிலிலும் படுத்துப் பார்த்ததில்லை. யாராவது கேட்டால், "ரெண்டு பேரும் படுத்துட்டா கல்லாவுல யாரு நிக்கறது?" என்பாள். அவர் தூங்குகிற நேரத்தில் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவது அவள் வேலை. கைக்குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி அந்தக் கடையில் வியாபாரம் நடக்கும். வருகிறவர்களும் செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார்கள்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. யாருக்கோ காற்றடிக்கும் பம்ப்பை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தவர், பம்ப்பை நழுவ விட்டார், எடுக்கக் குனிந்தார், அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பயிற்சியில் கையும் காலும் மெல்ல மெல்ல அசைய ஆரம்பித்தன. இடதுகாலைச் சற்று இழுத்து நடந்தார், இடதுகையால் பொருளைப் பார்த்துப் பிடித்தால் பிடிக்க முடிந்தது. ஆனால் அந்தப் பக்கம் முழுக்க உணர்ச்சி இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் சொல்லிவைத்தார்.

அவள் அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டபோது அவள் மருந்துச் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வேளைக்கு மாத்திரை கொடுத்தாள், உடம்பைத் துடைத்துவிட்டாள், கையைத் தூக்கித் தூக்கிப் பயிற்சி கொடுத்தாள், கடையைத் திறந்தாள், மூடினாள். எல்லாம் அது அது நடக்க வேண்டிய நேரத்தில் நடந்தது. வந்து பார்த்துப் போன சொந்தக்காரர்கள், நெஞ்சழுத்தம் பிடித்தவள் என்று வாசல் தாண்டியதும் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, அதற்கு மேல் எதுவும் ஆகவில்லை. அன்றைக்குத் துவைக்க வேண்டிய துணியைப் பற்றி யோசித்தாள்.

பிறகு ஒருநாள் காலையில் அவர் சாப்பிட உட்கார்ந்தபடி, "வந்துருச்சு" என்றார்.

"என்னது?"

"இந்தப் பக்கம். உணர்ச்சி. காலைல எழுந்தப்பவே தெரிஞ்சுது. கை, இடுப்பு, கால், எல்லாம்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் மேசையைத் துடைத்தாள். நாத்தனார் போனிலேயே ஓவென்று அழுதாள். கடையில் கூடாரத் துணி தைக்கிற தையல்காரப் பெண் அந்தத் தெரு முழுக்கச் சேதி சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரமே அவர் மறுபடியும் மதியத்தில் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தார். தூக்கக்காரர் திரும்ப வந்துவிட்டார் என்று பழைய வாடிக்கையாளர்கள் தேடி வந்தார்கள். கட்டிலை மாட்டும் பாதிச் சோதனை மட்டும் மனைவி கைக்கு வந்தது. அவர் பக்கத்தில் நின்று டீயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி இரண்டு மூன்று மாதம் போன பிறகு வந்து இறங்கிய கட்டில் ஒரு புது மாதிரி. நீளவாக்கில் இரண்டு கம்பி, குறுக்கே மூன்று கம்பி. குறுக்குக் கம்பியின் முனையில் ஒரு லீவரை அமுக்கினால் கட்டில் துணி பறை மாதிரி விறைத்துக்கொள்ளும். குழந்தைகூட மாட்டிவிடும் என்று கொண்டுவந்த ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அந்தக் குழந்தையை இங்க அனுப்பச் சொல்லுங்கக்கா" என்றாள் தையல்காரப் பெண். கடைசிக் கம்பி ஏறாமல் அடம்பிடித்தது. தையல்காரப் பெண் தன் மிஷினை விட்டு எழுந்து வரவில்லை, வாய் மட்டும் வந்து வந்து உதவி செய்தது. "முட்டியை வச்சு அழுத்துங்க. அப்படியில்ல, இந்தப் பக்கம். அய்யோ, அது நமக்குச் சரிப்படாதுக்கா, தனியா மல்யுத்தம் கத்துக்கணும்."

கடைக்காரர் டீயைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் சூடு இருக்கு" என்றார்.

மனைவி கருவிப்பெட்டியிலிருந்து கொக்கிக் கம்பியை எடுத்து வந்தாள். விரல் நீளத்துக்கு வளைந்த இரும்பு, இறுகிய துணியை இழுத்துப் பிடிக்க வைத்திருப்பது. துணியின் ஓரத்தில் கொக்கியை மாட்டி இழுத்து, முட்டியால் கம்பியைத் தள்ளினாள். டப்பென்று உட்கார்ந்தது. கொக்கியைக் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டு மற்ற லீவர்களை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்ப் பேசிவிட்டு வந்தாள். வந்து விரிப்பை உதறிக் கட்டிலின் மேல் போட்டாள். டீ ஆறவில்லை. கட்டில் தேறிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படுத்தார். ஷட்டர் பாதி இறங்கியது. தையல்காரப் பெண் சத்தம் வராத கைவேலையை எடுத்து வைத்துக்கொண்டாள். குறட்டை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நல்ல நீளமான தூக்கம். எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

"எப்படிண்ணே?" என்றாள் தையல்காரப் பெண்.

"தண்ணி மேல மிதந்த மாதிரி இருக்கு" என்றார். "இப்படி ஒண்ணு வந்து ரொம்ப நாளாச்சு."

மனைவி விரிப்பை எடுக்கப் போனாள். எடுத்தால், அடியில் கொக்கி கிடந்தது. அவர் இடுப்பு இருந்த இடம், சரியாக நடுக்கம்பிக்குப் பக்கத்தில். விரிப்பை எடுக்கும்போது நகர்ந்து வந்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் துணியில் அது கிடந்த இடத்தில் நல்ல பள்ளம் விழுந்திருந்தது. ஒரு பெரிய உடம்பு வெகுநேரம் அழுத்தினால் விழுகிற பள்ளம். கொக்கியை எடுத்துப் புடவையில் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

அவர் முன்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து தையல்காரப் பெண்ணிடம் ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். சட்டை பின்னால் சுருண்டு ஏறியிருந்தது. இழுத்துவிடுகிற சாக்கில் அவள் பின்னால் போய்க் குனிந்தாள். இடது இடுப்பில் கொக்கியின் வளைவு அப்படியே பதிந்து, ஓரம் கன்றிச் சிவந்திருந்தது. ஒரு இடத்தில் தோல் லேசாகக் கிழிந்து ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

அவள் விரலை வைத்தாள். அவர் திரும்பவில்லை. அழுத்தினாள். கதையில் யாரோ கூடாரத்தைக் கழுதையின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் அழுத்தினாள், அவள் விரல்நுனி வெளுக்கிற அளவுக்கு. கழுதை ஆற்றில் இறங்கிவிட்டது, தையல்காரப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள், அவரும் சிரித்தார். அவள் சட்டையை இழுத்துவிட்டுப் பின்பக்கம் போனாள்.

சாமான் அடுக்கியிருந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றாள். உணர்ச்சி வரவே இல்லை, இத்தனை நாளும் வரவே இல்லை. ஒன்றும் தெரியாத ஒரு பக்கத்தால் படுத்துப் பார்த்து, இது மிருது, இது குத்துகிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு ஜனங்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. காட்டில் தூக்கம் வராதவர்கள் தரையைக் குறை சொல்வார்கள், கொசுவைக் குறை சொல்வார்கள், கூட வந்தவரைக்கூடக் குறை சொல்வார்கள். தூக்கக்காரர் படுத்துப் பார்த்த கட்டிலைக் குறை சொல்ல அவர்களுக்கு மனசு வராது.

இதெல்லாம் தெரிந்தும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. பொய்யா, சரி. ஏமாற்றா, சரி. அவருக்கும் வேறு என்ன வழி இருக்கிறது? இந்தத் தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டால் முக்காலியில் உட்கார்ந்து கழுதைக் கதை சொல்கிற ஆளாகத்தான் மிச்ச காலத்தைத் தள்ள வேண்டும். சொல்லாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. காற்றடைத்த மெத்தைகளைச் சரியாக அடுக்கினாள்.

அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது. வீட்டில் அவர் கட்டிலின் வலது ஓரம், அவள் இடது ஓரம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். உணர்ச்சி வந்துவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து, விளக்கை அணைப்பதற்கு முன்னால் அவர் தன் இடதுகையைத் தூக்கி அவள் மணிக்கட்டின் மேல் வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். அவளும் கையை விலக்காமல் படுத்திருப்பாள். நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் அந்தக் கையை மெல்லத் தூக்கித் தலையணையின் மேல் வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது அந்தக் கை தலையணையை அதே மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தலையணையும் அவளும் அந்தக் கைக்கு ஒன்றுதான் என்பது இப்போது விளங்கியது. அவளுக்குக் கோபம் வந்தது. கையில் இருந்த மெத்தையைத் தரையில் போட்டாள். எத்தனையோ மாதமாக எதுவும் வராத இடத்தில் அது வந்ததைப் பார்த்து அவளே திகைத்துப்போனாள். கட்டில் வாங்க வருகிறவர்களிடம் அவர் சொன்ன பொய்யை மன்னித்துவிட்டாள். விளக்கை அணைப்பதற்கு முன்னால் சொன்ன பொய்யை மன்னிக்க முடியவில்லை.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று தையல்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. தூசி."

வெயில் தாழ்ந்ததும் பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். டிரைவர் அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்ததில் முதுகெலும்பு நைந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. மரத்தால் செய்த பொம்மை மாதிரி நிமிர்ந்தே நின்றார்.

"ஊர் ஊரா ஜனங்களைக் கொண்டுபோய் விட்டேன்ணே. ஒரு இடத்துலயும் இறங்கிப் பார்த்ததில்ல. இப்ப இவளைக் கூட்டிட்டு மலைக்குப் போய் ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்கலாம்னு இருக்கேன். டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார், படுக்கை சரியில்லன்னா போகவே போகாத, மறுபடி கத்தி வைக்கறாப்ல ஆயிடும்னு."

"இவரு குனிய மாட்டாரு" என்றாள் டிரைவரின் மனைவி. "மாட்டறது, கழட்டறது, சுமக்கறது எல்லாம் நான்தான். எனக்கு மாட்டறதுக்குச் சுலபமா இருக்கணும், இவருக்குப் படுக்கறதுக்குச் சுகமா இருக்கணும். ரெண்டும் சேர்ந்த மாதிரி ஏதாவது இருக்கா? இல்லன்னா நாங்க வீட்டு மொட்டை மாடியிலேயே படுத்துக்கறோம்."

"அண்ணன் படுத்து எழுந்தாருன்னா எனக்கு அது போதும்" என்றார் டிரைவர். "கண்ணை மூடிட்டு எடுத்துக்குவேன். இது புதுசா? இதுல படுத்துப் பார்த்தீங்களாண்ணே?"

கடைக்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார். விரித்து நிறுத்தியிருந்த புதுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மதியத்தில் சொன்னதையே சொல்ல வாயெடுத்தார். டிரைவர் பட்டைக் கச்சை கட்டிய இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பிரசாதத்துக்குக் காத்திருப்பவர் போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் இன்னும் படுத்துப் பார்க்கல" என்றாள் கடைக்காரரின் மனைவி.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரப் பெண்ணின் மிஷின் நின்றுவிட்டது. "அக்காவா? நீங்களா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

அவள் செருப்பைக் கழற்றினாள். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, அவர் படுக்கிற மாதிரியே இடதுபக்கமாக ஒருக்களித்தாள். முதலில் எதுவுமே தெரியவில்லை. துணி மேல் ஒரு துணி கிடப்பது போல இருந்தது. தோள் எங்கே இருக்கிறது, இடுப்பு எங்கே இருக்கிறது என்று தன் உடம்பையே தேட வேண்டியிருந்தது. பாத்திரம் கழுவுகிற உடம்பு, கடை திறக்கிற உடம்பு, அவரைத் தூக்கி நிறுத்துகிற உடம்பு. அதைப் படுக்கவைத்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.  மெல்ல இடுப்பு துணியில் அமிழ்ந்தது. அமிழ்ந்து, அடியிலிருந்த நடுக்கம்பியில் போய் உட்கார்ந்தது. எலும்பில் இரும்பு இடித்தது. வலித்தது.

"இடுப்புகிட்ட குறுக்குக் கம்பி இடிக்குது" என்றாள். "படுத்த உடனே தெரியாது. கொஞ்ச நேரம் ஆனா நல்லாவே இடிக்குது. முதுகு ஆபரேஷன் ஆனவங்களுக்கு இது ஆகவே ஆகாது."

டிரைவரின் மனைவி கள்ளம் கபடம் இல்லாமல் கேட்டாள். "அண்ணனுக்கு அது தெரியலையா?"

 அவள் படுத்தபடியே கண்ணைத் திறந்தாள். கீழிருந்து பார்க்கும்போது அவர் முகம் வயசான ஒரு அந்நியனின் முகமாகத் தெரிந்தது. மதியம் கொஞ்ச நேரம்தான் படுத்தார், அதனால் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொல்ல வாயைத் திறந்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது, இருந்தாலும் அவரைக் காட்டிக்கொடுக்க நாக்கு எழவில்லை.

அதற்குள் அவரே சொல்லிவிட்டார். "தெரியலம்மா. இந்தப் பக்கம் எனக்கு எதுவும் தெரியாது."

"வந்துருச்சுன்னு சொன்னாங்களே?" என்றார் டிரைவர்.

"நான்தான் சொன்னேன். வரல." இடதுகையை வலதுகையால் தூக்கிக் காட்டினார், தான் செய்த தப்பே அதுதான் என்பது போல. "படுத்துத் தூங்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதுவும் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். தையல்காரப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நூலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். கடைசியில் டிரைவர்தான் கேட்டார்.

"அப்ப எனக்கு எதைக் கொடுப்பீங்க?"

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். பழைய சரக்கிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். நடுவில் கம்பி இல்லாமல் இரண்டு பக்கமும் வளைந்த கால்களில் நிற்கிற கட்டில், கொஞ்சம் உயரமானது. டிரைவரின் மனைவி கையிலேயே கொடுத்து மாட்டச் சொன்னாள். காகிதத்தைப் பார்க்காமல், திட்டிக்கொண்டே, அவளே மாட்டி நிறுத்திவிட்டாள். அதன் மேல் மெல்லிய பஞ்சுப் பாய் ஒன்றை விரித்து, முதலில் கடைக்காரரின் மனைவி படுத்துப் பார்த்தாள். அப்புறம் டிரைவர், மனைவி ஒரு பக்கமும் கடைக்காரர் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்ல மரம் சாய்வது போல் சாய்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"மலைக்குப் போக வேணாம், இங்கேயே இருந்துடட்டுமா?" என்று கேட்டார் படுத்தபடியே. எல்லாருக்கும் சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, சிரித்தார்கள்.

அவர்கள் கட்டிலை எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது டிரைவர் கடைக்காரரின் தோளைத் தட்டினார், இடது தோளை. தட்டிவிட்டு, தட்டியது தெரிந்திருக்காதே என்று வலது தோளையும் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். தையல்காரப் பெண்ணும் அன்றைக்கு வாய் திறக்காமல் மிஷினை மூடிவிட்டுக் கிளம்பினாள்.

கடையில் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். அவர் புதுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து, சட்டையைத் தூக்கி, இடுப்பில் இருந்த காயத்தைத் துடைத்தாள்.

"என்னது அங்க?"

"கொக்கி மேல படுத்திருந்தீங்க. நான்தான் கட்டில்ல விட்டுட்டேன்."

"ஆழமாவா?"

"கொஞ்சம்."

மருந்து தடவி முடித்தாள். பஞ்சைத் தூரப் போட்டாள். போட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். மதியத்திலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"ராத்திரி கையை எதுக்கு என் மேல போடறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்குத்தான் அந்தக் கையில ஒண்ணும் தெரியாதே. நான் படுத்திருக்கேனா, எழுந்து போயிட்டேனான்னுகூடத் தெரியாதே. தலையணையை வச்சுட்டுப் போனா அதையும் அப்படித்தானே பிடிச்சுக்கிட்டிருந்தீங்க. எதுக்கு அந்த நடிப்பு? என்கிட்டயுமா?"

அவர் இடதுகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பதில் தேடுகிற மாதிரி இல்லை. அது எப்போதோ தயாராக இருந்தது, கேட்பார்கள் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

"நீ இருக்கியான்னு எனக்குத் தெரியாதுதான்" என்றார். "நான் இருக்கேன்னு உனக்குத் தெரியட்டும்னு வச்சேன்."

அவள் ஏதாவது ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, அந்தக் கை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். கனமா, சூடா, மணிக்கட்டில் எந்த இடத்தில் பட்டது என்று. சுவரில் கடிகாரம் இருப்பது தெரிகிற மாதிரி, கை இருப்பது தெரிந்திருந்தது. அதற்கு மேல் எதுவும் நினைவில் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் அவர் பார்த்துப் பார்த்துத் தூக்கி வைத்த கையில் ஒன்றுகூட அவளிடம் வந்து சேரவில்லை.

"எனக்கும் தெரியலங்க" என்றாள்.

"என்னம்மா?"

"கை இருக்குன்னு தெரியும். வேற ஒண்ணும் தெரியல. நீங்க விழுந்த நாள்லேருந்து எனக்கு எதுவுமே தெரியல. உங்களுக்கு ஒரு பக்கம்தான். எனக்கு எல்லாப் பக்கமும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் இவளை யாரும் படுக்கவைத்துக் கிள்ளிப் பார்க்கவில்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்த மாதிரி இருந்தது.

"இப்பவுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இப்ப கோபம் வருது."

"யார் மேல?"

"உங்க மேலதான். வேற யார் மேல வரும்?"

அவர் தலையை ஆட்டினார். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கடை திறந்திருப்பதைக்கூட மறந்து, வாய்விட்டு அழுதாள்.